ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த ‘ஃபிகர்’ எங்கே போனது?

பிளேடு பொருத்திய காலணியோடு ஐஸில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் எண்ணிக்கையில்தான் போய் நிற்கும். எத்தனை சுற்று சுற்றினார், நாலு சுற்று ஜம்ப் எத்தனை வைத்தார், விழுந்தாரா நின்றாரா. நடுவில் பழைய ரசிகர் ஒருவர் வருவார். “அந்தக் காலத்தில் ஃபிகர்ஸ் என்று ஒரு போட்டிச் சுற்று இருந்தது. அதை எப்போது தூக்கினார்களோ அன்றைக்கே போச்சு. இப்போது யாருக்குச் சறுக்கத் தெரிகிறது?” என்பார். உடனே இன்னொருவர், “ஐஸில் வட்டம் போடுவதற்கெல்லாம் பதக்கமா? நல்லவேளை, ஒழித்தார்கள்” என்பார். பல வருஷமாக இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சண்டையில் அடிபடும் ‘அடிப்படைப் பயிற்சி’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் முட்டிமோதிக் கிடக்கின்றன. ஒன்று, பிளேடின் விளிம்பில் நின்று சறுக்கும் திறமை. இன்னொன்று, அந்தத் திறமையை வளர்க்க ஐஸில் வட்டம் போட்டுப் பழகும் முறை. மூன்றாவது, அந்த வட்டங்களுக்கு மார்க் போட்டு நடத்திய போட்டி. போட்டி 1990இல் முடிந்துபோனது. பழகும் முறை சுருங்கி ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. திறமையின் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது. எது போனது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

## பிளேடு ஒன்று, விளிம்பு இரண்டு

தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்கேட் பிளேடு கத்தி மாதிரி தெரியும். அதனால் ஸ்கேட்டர் ஏதோ ஒரு மெல்லிய கூர்முனையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பிளேடின் அடிப்பக்கம் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தின் நடுவே, நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் தீட்டியிருப்பார்கள். பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மேடாக நிற்கும் கூரான ஓரங்கள்தான் விளிம்புகள். மற்றக் காலைப் பார்த்தபடி இருப்பது உள்விளிம்பு, வெளிப்பக்கம் இருப்பது வெளிவிளிம்பு. நிமிர்ந்து நின்றால் இரண்டும் ஐஸைத் தொடும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் தொடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பிளேடு முன்னும் பின்னும் லேசாக மேலே தூக்கியிருக்கும், ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி. பார்த்தால் தெரியாத அளவு மெல்லிய வளைவு. அதனால் எந்த நேரத்திலும் பிளேடின் ஒரு சிறு பகுதிதான் ஐஸில் இருக்கும். முன்னால் சிறு பற்கள் இருக்கும், டோ பிக் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை பிரேக் என்று நினைத்து அழுத்திவிட்டு முகம் குப்புற விழுவது வழக்கம். நானும் விழுந்திருக்கிறேன். அது பிரேக் இல்லை, சில ஜம்ப்களுக்கு ஐஸில் குத்தி எழும்ப உதவும் ஊன்றுகோல்.

சரி, கணக்கு போடுவோம். கால் இரண்டு, விளிம்பு இரண்டு, போகும் திசை முன், பின் என இரண்டு. ஆக எட்டு. இடது கால் முன்னோக்கி வெளிவிளிம்பு, வலது கால் பின்னோக்கி உள்விளிம்பு என்று எட்டு நிலைகள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் எல்லாமே, அது எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், இந்த எட்டு எழுத்தில் எழுதியதுதான்.

## மேஜையில் உருளும் நாணயம்

ஒரு நாணயத்தை நிறுத்திவைத்து மேஜையில் உருட்டி விடுங்கள். நிமிர்ந்து இருக்கும்வரை நேராக ஓடும். லேசாகச் சாய ஆரம்பித்ததும் அந்தப் பக்கமாக வளையும். சாய்வு கூடக்கூட வட்டம் சின்னதாகிக்கொண்டே போகும். யாரும் அதைத் திருப்பவில்லை, சாய்ந்ததால் திரும்பியது.

ஸ்கேட்டரும் அப்படித்தான். சைக்கிளுக்காவது ஹேண்டில் உண்டு, ஸ்கேட்டருக்கு அதுவும் இல்லை. சாய்வதுதான் திருப்புவது. விளிம்பில் சாய்ந்தால், பிளேடின் அந்த மெல்லிய வளைவு அவரை ஒரு வட்டப் பாதையில் இழுத்துக்கொண்டு போகும். வேகம் கூடினாலும் வட்டம் சிறுத்தாலும் இன்னும் அதிகம் சாயவேண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறவர் செங்குத்திலிருந்து சுமார் 27 டிகிரி சாய்ந்தால்தான் விழாமல் போகமுடியும். நின்ற இடத்தில் நீங்கள் 27 டிகிரி சாய்ந்து பாருங்கள், அடுத்த நொடி தரையில் இருப்பீர்கள். ஓடுகிறவரை அந்த ஓட்டமே தாங்கிப் பிடிக்கிறது. ‘ஆழமான விளிம்பு’ என்று வர்ணனையாளர்கள் பாராட்டுவது இந்தச் சாய்வைத்தான்.

இங்கேதான் கஷ்டமும் ஆரம்பிக்கிறது. கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாயவேண்டும். பயந்தவர் என்ன செய்வார்? காலைச் சாய்த்துவிட்டு இடுப்பை நிமிர்த்திக்கொள்வார். பிளேடு ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்று சொல்லும். பாதை கோணும், பிளேடு ஐஸைச் சுரண்டும், வேகம் செத்துப்போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கம்மி, அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் மாதக்கணக்கில் தங்கள் இடுப்போடு சண்டை போடுகிறோம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பிளேடுக்கு இரண்டு விளிம்பு, சாய்ந்தால் ஒன்று மட்டும் ஐஸைப் பிடிக்கும், ஒரு விளிம்பில் போனால் பாதை வளையும். நேர்கோடு என்பது ஸ்கேட்டிங்கில் அபூர்வம்.

## எட்டு போடுவது

இப்போது பெயருக்கு வருவோம். ஃபிகர் என்றால் இங்கே உடம்பின் வடிவம் இல்லை, ஐஸில் பிளேடு விட்டுச்செல்லும் உருவம். அந்தக் காலத்தில் விளையாட்டே அதுதான். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் இருந்த ஸ்கேட்டிங் கிளப்பில் உறுப்பினராகச் சேர, ஒவ்வொரு காலிலும் ஒரு முழு வட்டம் சறுக்கிக் காட்டவேண்டும், அப்புறம் தரையில் வைத்த தொப்பிகளைத் தாண்டவேண்டும். முதலில் ஒரு தொப்பி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. யோசித்துப் பார்த்தால் இன்றைய போட்டியின் இரண்டு பாதிகளும் அந்தத் தேர்விலேயே இருக்கின்றன. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ‘ஸ்பெஷல் ஃபிகர்ஸ்’ என்று ஐஸில் நுணுக்கமான உருவங்கள் வரைவதற்கென்றே தனிப் பதக்கம் கொடுத்தார்கள். ரஷ்யாவின் நிகோலாய் பானின் வென்றார்.

போட்டிகளில் நிலைத்து நின்றது ‘கம்பல்சரி ஃபிகர்ஸ்’, அதாவது எல்லாரும் கட்டாயம் போட்டுக்காட்ட வேண்டிய, முன்பே வரையறுத்த உருவங்கள். அதில் மிக எளிமையானதை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம்.

துடைத்துவிட்ட வெற்று ஐஸ். இசை கிடையாது. ஸ்கேட்டர் ஒரு புள்ளியில் நிற்கிறார். ஒரே ஒரு தள்ளு. வலது காலின் வெளிவிளிம்பில் ஒரு வட்டம் கிளம்புகிறது. விட்டம் அவருடைய உயரத்தைப் போல மூன்று மடங்கு, 160 சென்டிமீட்டர் உயரமானவருக்கு ஏறக்குறைய 5 மீட்டர். இடது கால் முதலில் பின்னால் நீண்டிருக்கிறது. பாதி வட்டம் தாண்டும்போது அது மெதுவாக முன்னால் வருகிறது, தோள்கள் அதற்கேற்ப மெல்ல மாறுகின்றன. இன்னொரு தள்ளு கிடையாது. முதல் தள்ளில் கிடைத்த வேகத்தை வைத்தே வட்டம் முடிந்து, புறப்பட்ட அதே புள்ளிக்கு வந்துசேர வேண்டும். வந்ததும் கால் மாற்றி, இடது வெளிவிளிம்பில் எதிர்ப்பக்கம் இன்னொரு வட்டம். இரண்டும் சேர்ந்தால் எட்டு. முடிந்ததா? இல்லை. நிற்காமல் அதே எட்டின் மேல் இரண்டாவது தடவை, அப்புறம் மூன்றாவது தடவை. மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும்.

பிறகு நடுவர்கள் ஐஸில் இறங்கி நடந்து வருவார்கள். குனிவார்கள், சிலர் மண்டியிடுவார்கள். வட்டம் உருண்டையாக இருக்கிறதா, இரண்டும் ஒரே அளவா, கோடுகள் எங்கே விலகின, எங்காவது ஒற்றைக் கோடு இரட்டைக் கோடாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரட்டைக் கோடு என்றால் அந்த இடத்தில் ஸ்கேட்டர் சாய்வை விட்டு நிமிர்ந்துவிட்டார், இரண்டு விளிம்பும் ஐஸைத் தொட்டுவிட்டன என்று அர்த்தம். இதற்கு ‘ஃப்ளாட்’ என்று பெயர்.

இது எளிய எட்டுதான். இதற்கு மேல் திருப்பங்களும் சுழிகளும் மூன்று வட்டக் கோர்வைகளும் உண்டு. இதற்காகவே பயிற்சி நேரத்தில் ஐஸைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். ‘பேட்ச்’ என்பது அதன் பெயர். பெரிய காம்பஸ் மாதிரி ஒரு கருவியால் வட்டத்தை முதலில் கீறிக்கொண்டு, அதன்மேல் மணிக்கணக்கில் சுற்றுவார்கள். குளிரில், சத்தமில்லாமல், தலையைக் குனிந்தபடி. சலிப்பாக இருந்தது என்று அதை அனுபவித்தவர்கள் புலம்பினால் நம்பலாம்.

## கோடு சொல்லும் சேதி

இந்தச் சலிப்பில் என்ன கிடைத்தது? ‘பொறுமை, ஒழுக்கம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பொறுமை வளர ஆயிரம் வழி இருக்கிறது. ஃபிகர்ஸ் மட்டுமே கொடுத்த ஒன்று உண்டு. செய்த தப்பு கண்முன்னால் எழுத்தாகக் கிடக்கும்.

ஜம்ப்பில் தப்பு நடந்தால் நமக்குத் தெரிவது விழுந்தது மட்டும்தான். ஏன் விழுந்தோம் என்பது தெரியாது. அது நடந்த நேரம் ஒரு நொடிக்கும் கம்மி. வீடியோ எடுத்தால் கையும் தோளும் தெரியும், ஐஸுக்கும் பிளேடுக்கும் நடுவே நடந்தது சரியாகத் தெரியாது. ஃபிகரில் எல்லாம் மெதுவாக நடக்கிறது, கோடும் அங்கேயே இருக்கிறது. வட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் கோடு உள்ளே இழுத்திருந்தால், அங்கேதான் இடது காலை அவசரமாக முன்னால் கொண்டுவந்தோம் என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்த சுற்றில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

என் சொந்தக் கதை ஒன்று. வளர்ந்த பிறகு, சும்மா ஆசைக்காக, சில வாரம் வகுப்புக்குப் போனேன். மூன்றாவது வாரம் வெளிவிளிம்பில் அரை வட்டம். நன்றாகவே செய்துவிட்டேன் என்ற நினைப்பில் திரும்பிப் பார்த்தேன். கோச் எதுவும் சொல்லவில்லை, “கீழே பாருங்க” என்றார். ஐஸில் ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு, ஆரம்பம் முதல் கடைசிவரை. நான் சாய்ந்ததாக நினைத்திருந்தேன். தலையைத்தான் சாய்த்திருக்கிறேன், கால் செங்குத்தாகவே நின்றிருக்கிறது. அவர் பத்து நிமிஷம் விளக்கியிருந்தாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டு நம்பாமல் இருந்திருப்பேன். அந்த இரண்டு கோட்டோடு வாதாட முடியவில்லை.

## திரும்பத் தெரிந்தால் குதிக்கலாம்

இனிமேல்தான் முக்கியமான பகுதி. வட்டம் போடுவதற்கும் மூன்று சுற்று ஜம்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

பலர் நினைத்துக்கொண்டிருப்பது இது: ஸ்கேட்டர் எழும்புகிறார், காற்றில் கையை இறுக்கி மடக்குகிறார், அதனால் சுழல்கிறார். இதில் பாதி தப்பு. கையை மடக்கினால் இருக்கிற சுழற்சி வேகமாகும், உண்மைதான். ஆனால் இல்லாத சுழற்சியைக் காற்றில் உண்டாக்க முடியாது. உதைத்துத் திருப்பிக்கொள்ள அங்கே எதுவும் இல்லையே. உதைக்கக் கிடைப்பது ஐஸ் மட்டும்தான். ஆகவே கால் ஐஸை விட்டு எழுவதற்குள் சுழற்சி உடம்புக்குள் வந்துவிட்டிருக்க வேண்டும். காற்றில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அரை மீட்டர் உயரம் எழும்பினால் சுமார் 0.64 நொடி. அதற்குள் மூன்று சுற்று முடியவேண்டும். அங்கே போய்ச் சரிசெய்துகொள்ள நேரம் ஏது?

அந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது? வட்டத்தில் சறுக்குகிறவரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு வட்டம் முடிக்கும்போது அவர் முகம் எல்லாத் திசையையும் பார்த்துவிட்டு பழைய திசைக்கு வந்திருக்கும். அதாவது வளைவில் போகிற எவரும் ஏற்கனவே மெதுவாகச் சுழன்றுகொண்டுதான் இருக்கிறார். வளைவை இறுக்கி, கையையும் மற்றக் காலையும் வீசி அந்தச் சுழற்சியைப் பெருக்கிக்கொண்டு எழுவதுதான் ஜம்ப்.

இடையில் ஒரு படி இருக்கிறது, ‘த்ரீ டர்ன்’. ஒரே காலில், முன்னோக்கிப் போகிறவர் பின்னோக்கித் திரும்பும் திருப்பம். ஐஸில் அதன் தடம் 3 மாதிரி விழும், அதனால் அந்தப் பெயர். வெளிவிளிம்பில் வந்தவர் திரும்பியதும் உள்விளிம்பில் போவார், வட்டமோ மாறாது. செய்வது எப்படி? முதலில் தோளும் கையும் வட்டத்தின் உட்பக்கமாகத் திரும்பும், இடுப்பு பின்தங்கி நிற்கும், துணி முறுக்குவது போல உடம்பில் ஒரு முறுக்கு ஏறும். அடுத்த கணம் இடுப்பும் காலும் சட்டென்று திரும்பும். உடனே தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் உடம்பு நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். இந்த நிறுத்தலை ‘செக்’ என்பார்கள்.

முறுக்கு, விடுவிப்பு, செக். ஒரு ஜம்ப்பின் ஏறக்குறைய முழுக் கதையும் இதுதான். சால்கோ என்ற ஜம்ப்பில் பலர் உள்ளே வருவதே முன்னோக்கிய வெளிவிளிம்பு த்ரீ டர்ன் வழியாகத்தான். திரும்பிய கையோடு பின்னோக்கிய உள்விளிம்பிலிருந்து எழுவார்கள். (1909இல் இதை முதலில் போட்ட ஸ்வீடன்காரர் உல்ரிச் சால்கோவின் பெயர் அது. உலகப் பட்டத்தைப் பத்துத் தடவை வென்றவர், அதுவும் வட்டம் போடுவதே மார்க்கில் பெரும்பங்கு வகித்த காலத்தில்.) இறங்குவது எப்படி? சுற்றி முடித்து, ஒரு காலின் பின்னோக்கிய வெளிவிளிம்பில். அங்கேயும் கையை விரித்து, காலை நீட்டி, செக். த்ரீ டர்னில் செக் செய்யத் தெரியாதவர் மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து எதை வைத்து நிறுத்துவார்?

விளிம்பின் மதிப்பு பளிச்சென்று தெரியும் இடம் லட்ஸ் என்ற ஜம்ப். மற்ற ஜம்ப்களில் வளைவும் சுழற்சியும் ஒரே பக்கம். லட்ஸில் மட்டும் எதிரெதிர். பெரும்பாலோர் வலஞ்சுழியாக வளைந்து பின்னோக்கி வந்து, இடஞ்சுழியாகச் சுற்றவேண்டும். அதுவும் வெளிவிளிம்பை விடாமல். உடம்புக்கு இது துளியும் பிடிக்காது. டோ பிக் குத்தும் அந்தக் கடைசிக் கணத்தில் கால் நைசாக உள்விளிம்புக்குச் சரிந்துவிடும், சுற்றுவது லேசாகிவிடும். அப்படிச் சரிந்தால் அது லட்ஸே இல்லை, உள்விளிம்பிலிருந்து எழும் ஃப்ளிப் என்ற வேறு ஜம்ப் மாதிரி ஆகிவிடுகிறது. ரசிகர்கள் கேலியாக இதை ‘ஃப்ளட்ஸ்’ என்கிறார்கள். இன்றைய மதிப்பெண் தாளில் விளிம்பு தப்பென்றால் ஜம்ப்புக்குப் பக்கத்தில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து விழும், சந்தேகம் என்றால் ஆச்சரியக்குறி. மார்க்கும் வெட்டுப்படும். சின்ன வயதில் ஒரு சுற்று லட்ஸைத் தப்பான விளிம்பில் பழகியவருக்கு, மூன்று சுற்றுக்குப் போன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. கையெழுத்து மாதிரி, கோணலாகப் படிந்தது லேசில் போகாது.

சுருக்கமாக: காற்றில் சுழற்சியை உண்டாக்க முடியாது, ஐஸிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது விளிம்பு. நிறுத்துவதும் விளிம்பு.

## அப்படியென்றால் ஏன் தூக்கினார்கள்?

இங்கேதான் பழைய ரசிகரோடு எனக்குப் பிணக்கு. ஃபிகர்ஸ் அவ்வளவு நல்லது என்றால், அதில் முதலிடம் வந்தவர் ஆடுவதிலும் முதலாக இருக்கவேண்டும் அல்லவா? 1972 சப்போரோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷுபா ஃபிகர்ஸில் எட்டமுடியாத தூரம் முன்னால் போய்விட்டார். இசைக்கு ஆடும் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அவருக்கு 7ஆம் இடம். தங்கம் அவருக்கே. ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் முதலிடம் வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். அப்போது ஃபிகர்ஸுக்கு மொத்த மார்க்கில் பாதி, அதற்கு முன்னால் 60 சதவீதம்கூட இருந்தது. ஃபிகர்ஸை ஒளிபரப்புவதே அபூர்வம். தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டும் பார்த்த ஜனங்களுக்கு, நன்றாக ஆடியவர் ஏன் தோற்றார் என்று புரியவே இல்லை.

மறு வருஷமே ‘ஷார்ட் ப்ரோகிராம்’ என்ற புதுச் சுற்றைக் கொண்டுவந்து ஃபிகர்ஸின் பங்கை 40 சதவீதமாக்கினார்கள். பிறகு 30, கடைசியில் 20. அப்போதும் தகராறு ஓயவில்லை. 1984 சராயேவோ ஒலிம்பிக்கில் கனடாவின் பிரையன் ஆர்சர் மற்ற இரண்டு சுற்றிலும் முதலிடம், ஃபிகர்ஸில் 7ஆம் இடம். வெள்ளிதான் கிடைத்தது. தங்கம் ஃபிகர்ஸில் முதலிடம் வந்த அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டனுக்கு. ஜப்பானின் மிடோரி இட்டோ போட்டியில் ட்ரிபிள் ஆக்ஸல் என்ற மூன்றரைச் சுற்று ஜம்ப் போட்ட முதல் பெண். 1988 கால்கரியில் ஃபிகர்ஸில் 10ஆம் இடம் வந்து மொத்தத்தில் 5ஆம் இடத்துக்குப் போனார். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அந்த வருஷமே ஃபிகர்ஸை எடுத்துவிட முடிவு செய்தது. கடைசியாக நடந்தது 1990இல், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில். அங்கேயும் இட்டோ மற்ற இரண்டையும் வென்று, ஃபிகர்ஸில் மறுபடி 10ஆம் இடம் வந்து வெள்ளியோடு போனார். ஃபிகர்ஸ் கிளம்பும்போதும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது.

இட்டோவுக்கு விளிம்பு தெரியாதா? தெரியாமல் ட்ரிபிள் ஆக்ஸல் வராது. ஆக்ஸலில் மட்டும்தான் முன்னோக்கி, வெளிவிளிம்பிலிருந்து எழவேண்டும். ஃபிகர்ஸ் போட்டி அளந்தது விளிம்புத் திறமையின் ஒரு துண்டை, அதாவது குறைந்த வேகத்தில், மனப்பாடமான பாதையில், அச்சுப் பிசகாமல் போகும் திறமையை. அதிக வேகத்தில், இசைக்குள், களைப்போடு அதே விளிம்பைப் பிடிப்பது இன்னொரு துண்டு. ஒன்று இன்னொன்றுக்கு உதவும். ஒன்று இன்னொன்று ஆகிவிடாது. தவிர, பேட்ச் பயிற்சி ஐஸ் நேரத்தை ஏராளமாக விழுங்கியது. ஐஸ் கிடைப்பதே அரிதான நாடுகளுக்கு அது ஒரு சுமை. போட்டியைத் தூக்கியது சரி என்பதுதான் என் கட்சி. தூக்கிய கையோடு பயிற்சியையும் பல இடங்களில் மூட்டைகட்டியதுதான் தப்பு.

## இப்போது அது எங்கே ஒளிந்திருக்கிறது

வட்டங்கள் போய்விட்டன, திருப்பங்கள் போகவில்லை. போட்டியில் ‘ஸ்டெப் சீக்வென்ஸ்’ என்று ஒரு பகுதி வரும். ஜம்ப் இல்லாமல் ஐஸ் முழுக்கக் காலடி வேலை காட்டுவது. அதில் நல்ல நிலை வாங்க, பிராக்கெட், ராக்கர், கவுன்டர், லூப், ட்விசில், சாக்டா என்ற ஆறு கடினத் திருப்பங்களிலிருந்து பலவற்றைச் செய்தாக வேண்டும். இவற்றில் பிராக்கெட், ராக்கர், கவுன்டர், லூப் நான்கும் நேராக அந்தப் பழைய ஃபிகர்ஸ் பட்டியலிலிருந்து வந்தவை. விளிம்பு பிசகினால் அந்தத் திருப்பம் கணக்கில் சேராது. இது போக, 2022 முதல் மூன்றாகச் சுருங்கிவிட்ட பொது மதிப்பெண்களில் ஒன்றின் பெயரே ‘ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்’. விளிம்பு, வேகம், சறுக்கலின் சுத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஃபிகர்ஸால் தங்கத்தை இழந்த அதே ஆர்சர் பிறகு டொரன்டோவில் பெரிய கோச் ஆனார். 2014, 2018 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற யுசுரு ஹன்யு, 2015, 2016 உலகச் சாம்பியன் ஹவியர் ஃபெர்னாண்டஸ் இருவரும் அவரிடம் பழகியவர்கள். அந்தப் பட்டறையில் அடிப்படைச் சறுக்கலைச் செதுக்குவதில் பெயர் பெற்றவர் முன்னாள் ஐஸ் டான்சர் ட்ரேசி வில்சன். நாலு சுற்று சுற்றுகிறவர்களும் அங்கே விளிம்புக்கும் தள்ளுக்கும் நேரம் ஒதுக்கினார்கள். வட்டம் கிடையாது, மூன்று தடவை ஒரே கோடு கிடையாது, ஆனால் கேட்கப்படும் கேள்வி பழையதுதான்.

பலன் என்ன என்று கேட்டால் ஜப்பானின் காவோரி சகமோட்டோவைக் காட்டலாம். 2022 பெய்ஜிங்கில் ட்ரிபிள் ஆக்ஸலும் இல்லை, நாலு சுற்று ஜம்ப்பும் இல்லை. வேகமும் நீண்ட விளிம்புகளும் பெரிய, சுத்தமான ஜம்ப்களும் மட்டும்தான். வெண்கலம் வாங்கினார். அதே வருஷம் தொடங்கி உலகப் பட்டத்தை மூன்று வருஷம் தொடர்ந்து வென்றார். அந்தப் போட்டிகளில் நாலு சுற்று ஜம்ப் போடும் ரஷ்யர்கள் இல்லை என்று ஒருவர் ஞாபகப்படுத்துவார். வாஸ்தவம். ஆனால் பெய்ஜிங்கில் இருந்தார்களே.

## பார்க்கும்போது

ஒரு போட்டியை இந்தக் கண்ணோடு பார்க்க ஆசையென்றால், எண்ணுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல விளிம்பு ஐஸை வெட்டிப் போகும், சத்தம் மெலிதாக, ஒரே சீராக இருக்கும். பிளேடு பக்கவாட்டில் சரிந்தால் கரகரவென்று சுரண்டும். பிறகு ஜம்ப் இறங்கிய மறுகணத்தைப் பாருங்கள். ஓட்டம் குறையாமல் பெரிய வளைவாக வெளியே போகிறாரா, இல்லை இறங்கிய இடத்திலேயே தேங்கி, அடுத்த அடிக்கு மறுபடி தள்ளவேண்டியிருக்கிறதா? லட்ஸ் வந்தால் மெதுவாக ஓட்டி, டோ பிக் குத்துவதற்கு முந்திய கணத்தில் நிறுத்தி, இடது கணுக்கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் சில தடவை ஒன்றும் புரியாது. அப்புறம் ஒரு நாள் திடீரென்று தெரிய ஆரம்பிக்கும்.

என் வகுப்பு ஆறு வாரத்தில் முடிந்தது. கடைசி நாள் அதே அரை வட்டத்தைப் போட்டுவிட்டு, கோச் சொல்வதற்கு முன்னால் நானே குனிந்து பார்த்தேன். ஆரம்பத்தில் இரட்டைக் கோடு. நடுவில், ஒரு கை நீளத்துக்கு, மெல்லிய ஒற்றைக் கோடு. அதற்கு அப்புறம் மறுபடி இரண்டு.